54 ஓட்டு போதாது

அமெரிக்காவில் ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் நம் ஆட்கள் கேட்பது, "ஒரு சட்டம் போட்டு நிறுத்த மாட்டாங்களா?"

போடப் பார்த்தார்கள். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். 2013 ஏப்ரலில் செனட்டில் ஒரு மசோதாவுக்கான திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. யாருடைய துப்பாக்கியையும் பிடுங்கும் திருத்தம் இல்லை அது. உரிமம் பெற்ற வியாபாரி விற்றால் படிவம் நிரப்ப வேண்டும், குற்றப் பின்னணி பார்க்க வேண்டும். துப்பாக்கிச் சந்தையில் அடுத்த மேசையில் தன் சொந்தத் துப்பாக்கியை விற்கும் தனிநபருக்கோ, மத்தியச் சட்டப்படி அந்தக் கட்டாயம் கிடையாது. இந்த ஓட்டையை அடைக்கத்தான் அந்தத் திருத்தம். கொண்டுவந்த செனட்டர்கள் மான்சின், டூமி இருவருமே துப்பாக்கி உரிமை பேசியவர்கள்.

ஆதரவு 54, எதிர்ப்பு 46. ஆனாலும் தோற்றது. விவாதத்தை முடிக்கவிடாமல் இழுக்கும் முட்டுக்கட்டையைத் தாண்ட 60 ஓட்டு வேண்டும்.

எதிர்த்தவர்களின் பெரிய பயம், துப்பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்ப் பட்டியலை அரசு எடுத்தால் நாளைக்குப் பறிமுதல்தான் என்பது. பட்டியல் எடுக்கக் கூடாது என்று திருத்தத்திலேயே எழுதியிருந்தது. அவர்கள் நம்பவில்லை.

பிறகு 2022 மே மாதம், யுவால்டி பள்ளியில் துப்பாக்கிச் சூடு. 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள். அடுத்த மாதமே 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கூடுதல் சோதனை என்று ஒரு சட்டம் நிறைவேறியது. அந்தத் தனிநபர் மேசைக்கு மட்டும் அப்போதும் முழுப் பூட்டு விழவில்லை.

துப்பாக்கி மோகம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கென்னவோ, அரசாங்கத்தின் மேல் துளியும் நம்பிக்கையில்லாத பாதி நாடுதான் அங்கே பெரிய சிக்கல் என்று படுகிறது. அதற்கு எந்த மசோதா போடுவது?