பழவேற்காட்டில் எது மலிவு, எது விலை அதிகம்?

'ஊரில் இருந்தால் செலவு குறைவு. சென்னைக்குப் போனால் சம்பளம் கூடுதல். எது நல்லது?' விவசாயக் குடும்பங்களில் அடிக்கடி எழும் இந்தக் கேள்வி, மீனவக் குப்பங்களிலும் எழுகிறது. இதை யோசித்துப் பார்க்கப் பழவேற்காடு பொருத்தமான இடம். சென்னையில் இருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். பஸ் ஏறினால் பொன்னேரி, அங்கிருந்து மின்சார ரயிலில் சென்னை. நகரம் எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால், ஊர் இன்னும் நகரமாகிவிடவில்லை.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு ஓரம் மட்டும் திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டத்தில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வருபவர்கள் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தையும், பருவம் இருந்தால் பூநாரைகளையும் பார்த்துவிட்டு, வறுத்த இறால் சாப்பிட்டுத் திரும்புகிறார்கள். டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்டிரியா கோட்டை இன்று இடிபாடுதான். பிழைப்பைப் பார்க்க வேண்டுமானால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் என்று உள்ளே போக வேண்டும்.

முதலில் எது மலிவு என்று பார்ப்போம். சொந்த வீடு இருப்பவர்களுக்கு வாடகை இல்லை. பிடித்த மீன் ஏலத்துக்குப் போவதற்கு முன்பே குழம்புக்கென்று ஒரு பங்கு வீட்டுக்குப் போய்விடும். மடவை, கெளுத்தி, பொடி இறால், நண்டு என்று அன்றைக்குக் கிடைத்தது எதுவோ அது. ஒரு வீட்டில் கிடைக்காத நாளில் பக்கத்து வீட்டில் இருந்து வரும். மிஞ்சினால் கருவாடு. ரேஷன் அரிசியும் சேர்ந்தால் அடுப்பு எரிந்துவிடும். ஒரு விஷயத்தில் மட்டும் நம் விவசாயிகள் இவர்களைவிடக் கொடுத்து வைத்தவர்கள். உப்பு மண்ணில் கத்தரி, வெண்டை, கீரை எளிதில் வராது. காய்கறி பெரும்பாலும் வெளியில் இருந்துதான் வர வேண்டும்.

மத்திய அரசின் 2022-23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஓர் ஆளுக்கு மாதச் செலவு கிராமத்தில் 5,310 ரூபாய், நகரத்தில் 7,630 ரூபாய். இதைப் பார்த்துவிட்டுக் 'கிராமத்தில் இருந்தால் 2,320 ரூபாய் மிச்சம்' என்று முடிவு கட்டக்கூடாது. சொந்த வீட்டில் இருப்பவருக்கு வாடகை மதிப்பு போட்டு அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதோடு, செலவு குறைவாக இருப்பது தேவை தீர்ந்ததாலா, கையில் காசு இல்லாததாலா என்பதை அந்த எண் சொல்லாது.

எனவே ஒரே குடும்பத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்கு, கணவர் வடசென்னையில் 18,000 ரூபாய் சம்பளத்துக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடகைக்கும் கரண்டுக்கும் 7,000. இதுவரை காசு கொடுத்து வாங்காத மீனுக்கு 2,500. வேலைக்குப் போய்வர 1,500. ஆக 11,000 போய்விட்டது. இந்த மூன்று செலவும் குப்பத்தில் இல்லை. அப்படியானால் நகரத்து 18,000 என்பது குப்பத்துக் கணக்கில் 7,000 ரூபாய்தான். இந்தக் கழித்தலைச் செய்யாமலேயே பலர் மூட்டை கட்டிவிடுகிறார்கள்.

ஆனால், அந்த 7,000 மாதாமாதம் தேதி தவறாமல் வரும். ஏரி அப்படித் தராது.

ஏரிக்கும் ஒரு ஒழுங்கை ஊர்க்காரர்கள் முன்னோர் காலத்திலேயே ஏற்படுத்தியிருக்கிறார்கள். அதற்குப் பெயர் 'பாடு'. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களின் தலைக்கட்டுகளுக்குள், இறால் கிடைக்கும் இடங்களைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை வேறு இடம். ஏரிப் பாசனத்தில் தண்ணீருக்கு முறை வைப்பது போலத்தான் இதுவும். வங்கியில் காட்ட முடியாத சொத்து, ஆனால், சொத்துதான். இது எல்லோருக்கும் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இருளர் பெண்கள் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றுத் தண்ணீரில் கைகளால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். அவர்களுக்குப் பாடும் இல்லை, படகும் இல்லை. 'குப்பத்தில் மலிவாக வாழலாம்' என்று பொதுவாகச் சொல்பவர்கள் இவர்களை மறந்துவிடுகிறார்கள்.

பாடு இருப்பவருக்கும் முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். மணல் சேர்ந்து அது தூர்ந்துபோனால் கடல்நீர் உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது. ஆழம் குறைவான ஏரி என்பதால் கோடையில் தண்ணீர் வற்றி உப்பு ஏறிவிடும். கடலுக்குப் போகும் படகுகளுக்கும் வழி அடைபடும். முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டும் என்று மீனவர்கள் விடாமல் கேட்டுவந்தது இதனால்தான். கால்வாய் தூர்ந்தால் கடைமடைக்கு என்ன ஆகும் என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, இங்கே எது விலை அதிகம் என்ற பக்கம். குடிநீர் ஒன்று. சுற்றிலும் தண்ணீர்; ஆனால், கடலோர நிலத்தடி நீர் உப்பு. வைத்தியம் இன்னொன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தோடு முடியாத நோய் என்றால் பொன்னேரி, அதற்கும் மேலே என்றால் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். ஆனால், ராத்திரி நேரத்து வண்டி வாடகை, கூட இருப்பவருக்குச் சாப்பாடு, கடலுக்குப் போகாமல் விட்ட நாட்கள் எல்லாம் இலவசம் இல்லை. மூன்றாவது கடன். வலைக்கும் இன்ஜினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் மீனை அவரிடமே போட வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. கமிஷன் மண்டியில் முன்பணம் வாங்கிய விவசாயிக்கு இது தெரிந்த கதை. இந்தப் பேச்சு வந்தால் ஆண்கள் பெரும்பாலும் வீட்டையும் மீனையும் சொல்வார்கள். தண்ணீரையும் ஆஸ்பத்திரியையும் பெண் பிள்ளையின் படிப்பையும் சொல்வது பெண்கள்தான். வீட்டில் முடிவெடுக்கும்போது இரண்டு பேர் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நகரத்திலும் மலிவு உண்டு. அது மலிவாக இருப்பதற்குக் காரணமும் உண்டு. கையில் காசு குறைவாக உள்ள குடும்பம் நல்ல காற்றும் நல்ல தண்ணீரும் உள்ள பகுதியில் வீடு பிடிக்க முடியாது. வாடகை குறைந்த இடம் தேடினால் எண்ணூர் பக்கம்தான் கண்ணில் படும். அனல்மின் நிலையம், நிலக்கரி, தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, படகும் வலையும் பாழாயின. அதே மாதக் கடைசியில் அம்மோனியா வாயு கசிந்து, இரவோடு இரவாக மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். பழவேற்காட்டில் நல்ல காற்றை விட்டுவிட்டு இங்கே வாடகை கொடுத்து வருவது வாழ்க்கைத் தரம் உயர்ந்ததாகுமா என்பது சந்தேகம்தான்.

இருபுறமும் பார்த்தால், முழுக் குடும்பமும் இடம்பெயர்வதைவிட நடுவழிதான் பல வீடுகளுக்குக் கட்டுப்படியாகும். குடியிருப்பு குப்பத்திலேயே இருக்கட்டும். வேலைக்கோ படிப்புக்கோ போகிறவர் மட்டும் பொன்னேரி வரை போய்வரட்டும். அங்கே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரியும் இருக்கிறது. மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு, வீட்டில் கற்ற தொழிலையே பட்டமாக்கிக்கொள்ள 20 கிலோமீட்டருக்குள் வழி இருப்பது பெரிய விஷயம். பஸ் ஏற்றி இறக்கும் அலைச்சல் உண்டு. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் திண்டாட்டம்தான். ஆனால், வாடகையும் மீன் காசும் மிச்சம், அப்பாவின் பாடும் கைவிட்டுப் போகாது. இறால் நன்றாக ஓடும் மாதங்களில் அந்த வருமானம் படிப்புச் செலவுக்கு ஆகும். முகத்துவாரம் அடைபட்ட மாதங்களில், வேலைக்குப் போகும் பிள்ளையின் சம்பளத்தில் வியாபாரியிடம் கை நீட்டாமல் வலை வாங்கலாம்.