நாளைக்கு தார் யாரு சுத்துவா?

2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. தமிழ்நாடு முழுக்க முதல் மெகா கொரோனா தடுப்பூசி முகாம். நான் அப்போ செகண்ட் இயர். காலேஜ் அந்த மாசம்தான் திறந்திருந்தாங்க, வார லீவுக்கு எடப்பாடி வந்திருந்தேன். வீட்ல எல்லாரும் ஊசி போட்டாச்சு. பாக்கி அப்பாயி மட்டும்தான்.

அப்பாயி சொன்ன காரணம் நடிகர் விவேக். ஏப்ரல் 15 ஊசி போட்டுக்கிட்டார், 17-ஆம் தேதி இறந்துட்டார். "அத்தன பெரிய மனுசனே போயிட்டாரு, நானெல்லாம் எந்த மூலைக்கு?" நான் சதவீதம் சொன்னேன், கிராஃப் காட்டினேன் (இன்ஜினியரிங் புத்தி!). கடைசியில எரிச்சல்ல "உனக்கு சொன்னா புரியாது"ன்னுட்டேன். ரெண்டு நாள் எங்கிட்ட பேசவே இல்ல.

"சும்மா வந்து கேட்டுட்டு வரலாம் வாங்க"ன்னு அம்மாதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டு வந்தாங்க. நர்ஸக்காகிட்ட அப்பாயி நேரா விவேக் பத்தித்தான் கேட்டுச்சு. அவங்க சிரிக்கல.

"அன்னைக்கு எனக்கும் திக்குன்னுதான் இருந்துச்சுங்க பாட்டிம்மா. அவருக்கு இதயத்துக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. அது ஒரே நாள்ல வர்றதில்லைன்னு டாக்டருங்க சொன்னாங்க. ஆனா ஊசி போட்டா காய்ச்சல் வரலாம், கை வலிக்கும். ரெண்டு நாள் இருக்கும்."

"ரெண்டு நாளா? அப்ப நாளைக்கு தார் யாரு சுத்துவா?"

எங்க வீட்ல நாலு விசைத்தறி, கூலிக்குத்தான் ஓட்டறோம். தறி அப்பா பார்த்துக்குவார். நாடாவுக்குள்ள போற தார் மொத்தமும் அப்பாயி கைதான். தார் இல்லைன்னா தறி நிக்கும், தறி நின்னா அந்த வாரக் கூலி அடிபடும். இது எனக்குத் தெரியாத விஷயமா? பொறந்ததுல இருந்து அந்தச் சத்தத்துலதான் தூங்கறேன். ஆனா அஞ்சு மாசத்துல ஒரு தடவகூட "வேற என்ன யோசனை அப்பாயி?"ன்னு நான் கேட்கல.

"நான் சுத்தறேன் அப்பாயி."

ஏற இறங்கப் பார்த்துச்சு. அப்புறம் சேலையை ஒதுக்கிட்டு இடது கையை நீட்டிருச்சு. கோவிஷீல்டு, அரை மில்லி. அரை மணி நேரம் பெஞ்சுல உட்கார வெச்சாங்க. அன்னைக்கு ஒரே நாள்ல தமிழ்நாட்டுல 28 லட்சம் பேருக்கு மேல ஊசி போட்டுக்கிட்டாங்கன்னு ராத்திரி நியூஸ்ல வந்தது. "அதுல நானும் ஒண்ணா?"ன்னு கேட்டுச்சு.

திங்கட்கிழமை காலேஜ் கட். சொன்ன மாதிரியே காய்ச்சல் வந்தது. பாராசிட்டமால் மாத்திரையைப் போட்டுக்கிட்டு கட்டில்ல படுத்திருந்துச்சு. நான் தார் மெஷின் முன்னாடி உட்கார்ந்தேன். மத்தியானத்துக்குள்ள எத்தனை தடவை நூல் அறுந்துச்சுன்னு கணக்கே இல்ல. அப்பாயி கண்ணை மூடித்தான் இருந்துச்சு, தூங்கிருச்சுன்னு நினைச்சேன்.

"லூசா சுத்துற கண்ணு. சத்தமே சரியில்ல."

டிசம்பர்ல ரெண்டாவது டோஸுக்கு யாரும் கூப்பிடல. முந்துன வாரமே எனக்கு போன்: "நீ என்னைக்கு லீவுல வர்றேன்னு சொல்லு, அன்னைக்குப் போட்டுக்கறேன்."