கூட்டமில்லாத காடு

எழுபத்து மூன்று வயதில் ஆப்பிரிக்கக் காட்டைப் பார்க்க ஆசை வந்திருக்கிறது. கென்யாவின் மசாய் மாரா வேண்டாம் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டேன். விலங்குகள் ஆற்றைக் கடக்கும் பருவத்தில் அங்கே ஜீப்புகள் நம் வேளச்சேரி சிக்னல் மாதிரி முட்டிக்கொண்டு நிற்குமாம். வேடந்தாங்கலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைக் கண்டால், பக்கத்திலிருக்கும் கரிக்கிலிக்கு வண்டியைத் திருப்புகிறவன் நான்.

படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். பிறகு அரசாங்க குமாஸ்தா வேலை. அந்த மொழிக்கு அங்கே ஒரு நாளும் வேலை வரவில்லை. ஆகவே பிரெஞ்சு புழங்கும் நாடுகளாகத் தேடினேன். செனகலில் நியோகோலோ-கோபா, 9,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். 1981 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். வேட்டைத் தொல்லையால் 2007-ல் அபாயப் பட்டியலில் சேர்ந்து, 2024-ல்தான் மீண்டது. இன்னொன்று சாட் நாட்டின் சகூமா. 2002-ல் அங்கே 4,000-க்கும் அதிகமான யானைகள். தந்தத்துக்காகக் கொன்று கொன்று 2010-ல் சுமார் 450 ஆகிவிட்டன. காவல் பலமான பிறகு குட்டிகள் பெருகுகின்றன. அந்தக் குட்டிகளைப் பார்க்கவேண்டும், வழிகாட்டியிடம் பிரெஞ்சில் நாலு கேள்வி கேட்கவேண்டும். இதுதான் ஆசை.

குறுக்கே வந்தது ஊசி. இரண்டு நாடுகளுமே மஞ்சள் காய்ச்சல் நாடுகள். தடுப்பூசிச் சான்று இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். ஊசி கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஒரு தடவை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும். ஆனால் அது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த மருந்து. அறுபது தாண்டியவர்கள் முதல் முறையாகப் போட்டுக்கொண்டால் கடுமையான பின்விளைவு வரும் வாய்ப்பு இளையவர்களைவிட அதிகம். எங்கள் டாக்டர், "அவசியம் போயே ஆகணுமா சார்?" என்றார். வீட்டுக்காரி அதை இன்னும் சுருக்கமாகக் கேட்டாள்: "ஏங்க, யானையைப் பார்க்கப் போய் ஊசியால படுக்கணுமா?"

இரண்டு நாள் யோசித்தேன். சகூமாவை விட்டுவிட்டேன். இப்போது கையில் இருப்பது போட்ஸ்வானாவின் மத்திய கலஹாரி. அங்கே மஞ்சள் காய்ச்சல் இல்லை. சுமார் 52,800 சதுர கிலோமீட்டர். நம் கேரளாவைவிடப் பெரிது, கூட்டமோ மிகக் குறைவு. மழை பெய்த மாதங்களில் புல்வெளிக்கு மான்கள் வரும், பின்னாலேயே சிங்கமும் வரும். அங்கே ஆங்கிலம்தான். அந்த வருத்தம் எனக்கு இருக்கத்தான் செய்கிறது.

என் வயதுக்காரர்கள் யாராவது கிளம்பினால், டிக்கெட்டுக்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள். விமானம் எங்கே மாறுகிறது என்பதையும் கவனியுங்கள். அடிஸ் அபாபா, நைரோபி இரண்டும் மஞ்சள் காய்ச்சல் நாடுகளில்தான் இருக்கின்றன. காட்டிலிருந்து விமானத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவு இன்ஷூரன்ஸில் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அதுவரைக்கும் பக்கத்திலேயே பள்ளிக்கரணை இருக்கிறது. பூநாரைகளைப் பார்க்க எந்த ஊசியும் வேண்டாம்.