தேக்காவில் ஒரு ஞாயிறு

ஞாயிறு மாலை லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்துக்குள் நுழைந்துவிட்டோமோ என்று தோன்றும். அவ்வளவு நம் முகங்கள். வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் செருப்புக் குவியல், பணம் அனுப்பும் கடைகளில் வரிசை, முஸ்தபா பைகளோடு புல்தரையில் வட்டம் போட்டு உட்கார்ந்திருக்கும் தொழிலாளர்கள். 'லிட்டில் இந்தியா' என்பதெல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்கு. நம் ஆட்களுக்கு இது தேக்காதான்.

நண்பரின் மகன் அடுத்த மாதம் இங்கே கட்டுமான வேலைக்கு வருகிறான். "ஊர் பயமில்லாத ஊர்தானா, பார்த்துட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார் நண்பர். இரவு 11 மணிக்கும் பெண்கள் தனியாக நடந்து போவதைப் பார்த்துவிட்டு, நல்ல சேதி சொல்லலாம் என்றிருந்தேன். அங்கே 14 வருடமாக வேலை பார்க்கும் அறந்தாங்கிக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னதும் சிரித்தார்.

"இங்க திருடனுக்குப் பயப்பட வேணாம்ணே. நம்ம கையில என்ன இருக்குன்னு நமக்குத் தெரியணும். அது தெரியாதவன்தான் மாட்டிக்கிறான்."

முதலில் பொட்டலத்தைச் சொன்னார். தெரிந்தவருக்குக் கொடுக்கச் சொல்லி யாராவது தருவது. ஊறுகாய் என்பார்கள். உள்ளே மெல்லும் புகையிலை இருந்தாலே குற்றம். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். போதைப்பொருள் என்றால் கதையே வேறு. 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை வரை போகும். 2022 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட மலேசியத் தமிழர் நாகேந்திரன் கொண்டுவந்தது 42.72 கிராம். பையில் இருந்தது எனக்குத் தெரியாது என்றால், அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

பேசிக்கொண்டே ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹாம்ப்ஷயர் ரோடும் சேரும் இடத்துக்கு வந்திருந்தோம். 2013 டிசம்பர் 8, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புதுக்கோட்டை மாவட்டத்துத் தொழிலாளி ஒருவர் இங்கே தனியார் பேருந்தில் அடிபட்டு இறந்தார். அவருக்கு வயது 33. அன்றிரவு கலவரம் வெடித்து போலீஸ் வண்டியும் ஆம்புலன்சும் எரிந்தன. 25 பேர் மீது வழக்கு. அது தவிர, கலைந்து போகச் சொல்லியும் போகவில்லை என்று 50-க்கும் மேற்பட்டோரை ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். அறந்தாங்கிக்காரரின் அறைத்தோழர் ஒருவர் அன்று சத்தம் கேட்டதுமே எதிர்த்திசையில் நடந்து ரயிலேறிவிட்டாராம். "அவன் இன்னும் இங்கதாண்ணே வேலை பாக்குறான்." 2015 ஏப்ரலிலிருந்து வார இறுதி முழுக்க இந்தப் பகுதியின் பொது இடங்களில் மது அருந்தவும் தடை. ஞாயிறு சாயங்காலம் ஒரு பீர் என்று புல்தரையில் உட்கார முடியாது.

ஏடிஎம் கார்டை 'ரெண்டு நாள் கொடு, காசு தர்றேன்' என்று கேட்பவர்களும் உண்டு. மோசடிப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போனால் போலீஸ் தேடிவருவது உங்களைத்தான்.

அவர் குரலை உயர்த்தியது ஒரே விஷயத்துக்குத்தான். ஐபிஏ என்கிற அனுமதிக் கடிதம். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று அதில் இருக்கும். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே தொழிலாளிக்குப் புரியும் மொழியில், நமக்கென்றால் தமிழிலும், அது வந்து சேர வேண்டும். நாளை சம்பளத் தகராறு என்று மனிதவள அமைச்சுக்குப் போனால் பேசப்போவது அந்தக் காகிதம்தான். ஏஜென்ட் வாயால் சொன்ன தொகை அல்ல. முகவர் கட்டணம் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்பது சிங்கப்பூர்ச் சட்டம். ஆனால் அது அங்கே உரிமம் பெற்றவர்களுக்கு. நம்மூரில் நிலத்தை விற்க வைப்பவரை அது தொடாது. கடனோடு வந்தவனால் தப்பான முதலாளியையும் விட்டுப் போக முடிவதில்லை. சம்பளம் வராமலோ அடிபட்டோ வழக்கு முடியக் காத்திருப்பவர்களுக்கு, கஃப் ரோடு திட்டம் என்ற பெயரில் 2008-லிருந்து ஒரு தொண்டு அமைப்பு இந்தத் தேக்காவிலேயே இலவசச் சாப்பாடு போடுகிறது. அங்கே வருபவர்களில் நம்மவர்களும் உண்டு.

அன்றிரவே நண்பருக்கு போன் செய்தேன்.

"ஊர் நல்ல ஊர்தான். தம்பிக்கு ஐபிஏ வந்துடுச்சா?"

"ஏஜென்ட்கிட்ட இருக்காம். ஏர்போர்ட்ல வச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்கார்."

"மிச்சப் பணம் கட்டியாச்சா?"

"நாளைக்குத்தான் கட்டணும்."

"கட்டாதீங்க. முதல்ல அந்தக் காகிதத்தை வாங்கித் தம்பியைப் படிக்கச் சொல்லுங்க" என்றேன்.