உறைந்த ஏரியும் ஒரு துளைக் கருவியும்

ஏரியின் மேல் நடந்து சென்று, அதில் ஒரு துளையிட்டு, அத்துளை வழியே தூண்டிலை இறக்கி மீன் பிடிக்கிறார்கள் என்று சொன்னால் நம் கடற்கரை ஊர்களில் எவரும் எளிதில் நம்பமாட்டார்கள். ஆனால் அமெரிக்காவின் வடபகுதியில், கனடாவை ஒட்டி அமைந்துள்ள மின்னசோட்டா மாநிலத்தில் குளிர்காலந்தோறும் இது அன்றாடக் காட்சி. 10 ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஏரிகள் மட்டும் அங்கே 11,842 இருக்கின்றன. டிசம்பர் முதல் மார்ச் வரை அவற்றில் பெரும்பாலானவை உறைந்து கிடக்கும். அம்மாநிலத்தின் டவர் என்னும் சிற்றூரில் 1996 பிப்ரவரி 2ஆம் நாள் பதிவான குளிர், பூஜ்யத்துக்குக் கீழே 51 டிகிரி செல்சியஸ்.

இத்தகைய குளிரில் மீன் எவ்வாறு உயிர் வாழ்கிறது? தண்ணீர் 4 டிகிரியில் மிக அடர்த்தியாகி அடியில் தங்கிவிடுகிறது. அதனினும் குளிர்ந்த நீர் மேலே நின்று உறைகிறது. உறைந்த கட்டி நீரை விட இலேசானதால் மிதந்து, ஏரிக்கு ஒரு போர்வையாகி விடுகிறது. அப்போர்வையின் கீழே மீன்கள் வழக்கம்போல் உலாவுகின்றன. படைத்தவனின் ஏற்பாட்டை எண்ணி வியக்க இது ஒன்றே போதும். போர்வையில் துளையிடுவதுதான் மனிதனின் வேலை. அதற்கான கருவியை ஆகர் என்கிறார்கள். நம் ஊரில் தென்னங்கன்று நடக் குழி எடுக்கும் திருகு இயந்திரத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் வடிவம் புதிதன்று.

இந்தக் கருவிக்கும் எனக்கும் தொடர்பு ஏற்பட்டது என் லாத்தாவின் மகனால். மின்னியாபொலிஸ் நகரில் கணினி நிறுவனம் ஒன்றில் பணியாற்றும் அவன், அலுவலக நண்பர்களுடன் சில முறை உறைந்த ஏரிக்குப் போய் வந்தான். பிறகு, தானே ஓர் ஆகர் வாங்கித் தன் பத்து வயது மகனையும் அழைத்துச் செல்வதாக உம்மாவிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டான். லாத்தா நடுங்கிப் போனார்.

"தம்பி, நீ ஒரு வார்த்தை சொல்லிடு. நீ வாணாம்னா அவன் போகமாட்டான்."

அவன் தந்தை மவுத்தானபோது அவனுக்கு வயது பன்னிரண்டு. அன்றிலிருந்து படிப்பு, வேலை, திருமணம் எல்லாவற்றிலும் அவன் என்னைக் கேட்டே நடந்தான். எனவே லாத்தா சொன்னது உண்மை. நான் தடுத்தால் அவன் நின்றுவிடுவான். ஆனால் ஒன்றை அறியாமல் அனுமதிப்பது எவ்வளவு தவறோ, அறியாமல் தடுப்பதும் அவ்வளவே தவறு என்பது மாணவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் பாடம். 2025 பிப்ரவரியில் மதரஸாவின் ஷஃபான் விடுமுறை வந்தது. மருமகன் நெடுநாளாக அழைத்துக் கொண்டிருந்தான். புறப்பட்டு விட்டேன்.

மின்னியாபொலிசுக்கு வடக்கே சுமார் 160 கிலோமீட்டரில் மில் லாக்ஸ் என்றோர் ஏரி. பரப்பு 1,32,000 ஏக்கருக்கும் மேல். ஆனால் ஆழமோ 42 அடிதான். மருமகனும் பேரனும் நானும், அறுபதைக் கடந்த அவனுடைய அலுவலக நண்பர் ஒருவருடன் அங்கே போனோம். கண்ணுக்கெட்டிய தூரம் வெண்மை. அதன்மேல் சிறு சிறு வீடுகள், கூடாரங்கள், நிறுத்தி வைத்த வாகனங்கள்! ஏரிக்கு நடுவே ஒரு குடியிருப்பு முளைத்தது போலிருந்தது.

அப்பெரியவர் வண்டியிலிருந்து முதலில் எடுத்தது ஆகரை அன்று. நம் கடப்பாரையைப் போன்ற ஓர் இரும்புக் கோலை. ஒவ்வோர் எட்டுக்கும் முன்னால் அதனால் ஓங்கிக் குத்திப் பார்த்துக் கொண்டே நடந்தார். தெளிந்த புதுப் பனிக்கட்டி 4 அங்குலம் இருந்தால்தான் ஓர் ஆள் நடக்கலாம். பனிச்சறுக்கு வண்டிக்கு 5 முதல் 7 அங்குலம், சிறிய காருக்கு 9 முதல் 10 அங்குலம் வேண்டும் என்பது அம்மாநில இயற்கை வளத் துறையின் அறிவுரை. பனி கலந்து வெண்மையாக உறைந்த கட்டிக்கு வலு பாதிதான்; அங்கே இருமடங்கு கனம் வேண்டும். எந்தப் பனிக்கட்டியும் முழுமையான பாதுகாப்பு உடையதன்று என்பதையும் அத்துறை சேர்த்தே சொல்கிறது.

நாங்கள் நின்ற இடத்தில் கனம் 18 அங்குலம். பெரியவர் தம்மிடமிருந்த பழைய கைச்சுழற்சி ஆகரை என்னிடம் கொடுத்தார். 6 அங்குல அகலம். மூன்று கிலோ எடை இருக்கும். மேலே ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மற்றொரு கையால் சுழற்ற வேண்டும். முதல் சில அங்குலங்கள் விளையாட்டாகவே இறங்கின. பாதிக்கு மேல் தோள் வலித்தது. தண்ணீர் பொங்கி மேலே வந்தபோது, அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்திருந்தது. மூன்றாவது துளையைப் பேரனிடமும் அவன் வாப்பாவிடமும் விட்டுவிட்டேன்.

இயந்திர ஆகரின் தேவை இங்கேதான் தோன்றுகிறது. மீன் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் பத்து, இருபது துளைகள் போட்டுத் தேடுவோர் உண்டு. கையால் அது ஆகாது. அன்று மாலை மருமகன் தான் வாங்க எண்ணியிருந்த கருவியின் படத்தைக் காட்டினான். பெட்ரோலில் ஓடும் 10 அங்குல ஆகர். "இருக்கிறதிலேயே சக்தி வாய்ந்தது மாமா" என்றான்.

நான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். 6, 8, 10 என்று எண்கள் இரண்டிரண்டாகத்தான் ஏறுகின்றன. வட்டத்தின் பரப்போ அவ்வாறு ஏறுவதில்லை. 6 அங்குலத் துளையின் பரப்பு 28 சதுர அங்குலம். 8 அங்குலத்துக்கு 50. 10 அங்குலத்துக்கு 79. நாங்கள் கண்ட 18 அங்குலக் கனத்தில் 6 அங்குலத் துளையிட ஏறத்தாழ ஏழரைக் கிலோ பனிக்கட்டியை வெட்டி எடுக்க வேண்டும். 8 அங்குலத்துக்குப் பதின்மூன்றரைக் கிலோ. 10 அங்குலத்துக்கு 21 கிலோ. துளையின் அகலம் மீனின் அகலத்துக்கு ஏற்ப அமைய வேண்டியது. பெர்ச், கிராப்பி போன்ற சிறுமீன்களுக்கு 6 அங்குலம் தாராளம். வாலாய் போன்ற நடுத்தர மீன்களையும் சேர்த்துப் பிடிப்போர் 8 அங்குலத்தை விரும்புகிறார்கள். 10 அங்குலம் பெரும் பைக் மீன்களைத் தேடுவோருக்கு. அது சிறுவனின் பாதம் முழுதாக இறங்கிவிடக்கூடிய அகலம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்தது, சுழற்றும் சக்தி எதிலிருந்து வருகிறது என்பது. பெட்ரோல் ஆகர் நெடுங்காலமாக அங்கே புழங்குகிறது. வலு மிக்கது, எரிபொருள் உள்ளவரை எத்தனை துளையும் போடும். இரண்டடிக்கு மேல் உறையும் வடகோடி ஏரிகளில் அதற்கு இன்றும் மதிப்புண்டு. ஆனால் எடை பன்னிரண்டு, பதினைந்து கிலோ வரை போகிறது. அதில் டூ ஸ்ட்ரோக் வகைக்குப் பழைய டி.வி.எஸ். 50 வண்டிக்குக் கலந்ததைப் போலப் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும்; ஃபோர் ஸ்ட்ரோக் வகைக்கு அது தேவையில்லை. கோடை முழுதும் சும்மா கிடந்தால் கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாகப் படிந்து மறுகுளிர்காலத்தில் தொல்லை தரும். யாவற்றினும் முக்கியமானது, மூடிய கூடாரத்துக்குள் அதை ஓட்டவே கூடாது என்பது. கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. உட்கார்ந்த இடத்திலேயே ஆளை மயக்கிக் கொன்றுவிடும்.

புரொப்பேன் வாயுவில் ஓடுவது மற்றொரு வகை. சிறிய சிலிண்டரை மாட்டிவிட்டால் போதும். ஆயில் கலக்கும் வேலையும் பிசின் படியும் தொல்லையும் இல்லை. நம் சமையல் வாயுவில் கலந்திருக்கும் பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டியே ஆவியாக மறுத்துவிடும். புரொப்பேன் பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரி வரை ஆவியாகும். ஆயினும் கடுங்குளிரில் அதன் அழுத்தம் குறைந்து இயந்திரம் திணறுவதுண்டு. இதன் புகையும் மூடிய இடத்தில் ஆபத்தானதே.

அண்மை ஆண்டுகளில் பெருகியிருப்பது லித்தியம் மின்கலத்தில் இயங்கும் ஆகர். புகையில்லை, இரைச்சல் குறைவு, பொத்தானை அழுத்தினால் சுழல்கிறது. எடையும் பெட்ரோல் ஆகரில் ஏறக்குறைய பாதிதான். குளிர்தான் அதன் பகை. குளிரில் மின்கலத்தின் திறன் சுருங்கிவிடும். எனவே துளையிடும் நேரம் வரை அதைக் கோட்டுக்குள் வெதுவெதுப்பாக வைத்திருக்கிறார்கள். உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றவும் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து மின்கலம் கெட்டுவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகே மின்னேற்ற வேண்டும். விலை பல நூறு டாலர்.

நான்காவது வழியைப் பெரியவர்தான் காட்டினார். சுவரில் துளை போடும் மின்கல டிரில்லிங் மெஷினின் வாயில் இலேசான ஆகர் தண்டைப் பொருத்திவிடுவது. 6 அங்குலத்துக்கு இது நன்றாகவே பயன்படுகிறது. இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. பிடி தளர்ந்தால் தண்டு கழன்று ஏரிக்குள் போய்விடும்; அதைத் தடுக்கத் துளையை விட அகலமான ஒரு தட்டை மேலே மாட்ட வேண்டும். மற்றொன்று, அலகு பனியில் சிக்கிக் கொண்டால் மெஷின் திடீரென்று திரும்பி மணிக்கட்டை முறுக்கிவிடும். அதனால் பக்கவாட்டுக் கைப்பிடி இல்லாத மெஷினை இதற்குப் பயன்படுத்தலாகாது.

எவ்வகையாயினும் வேலை செய்வது அலகுதான். சீவும் அலகு புதுப் பனியை வெண்ணெய் போல வெட்டும். ஆனால் பழைய துளையை மீண்டும் திறக்கும்போது சிக்கிக்கொள்ளும். கொத்தும் அலகு சற்று மெதுவாக இறங்கினாலும் பழைய துளையையும் திறந்து தரும். மணலில் ஒருமுறை பட்டால் எந்த அலகும் மழுங்கிவிடும். பயன்படுத்தாத நேரமெல்லாம் உறை மாட்டியிருக்க வேண்டும். சிறுவர்கள் உள்ள வீட்டில் இது கட்டாயம்.

இத்தனையும் கேட்ட பிறகு மருமகனிடம் சில கேள்விகள் கேட்டேன். குளிர்காலத்தில் எத்தனை நாள் போவாய்? ஐந்தாறு நாள். ஒரு நாளைக்கு எத்தனை துளை? நான்கைந்து. எந்த மீன்? பெரும்பாலும் பெர்ச். வண்டியில் போவாயா, நடந்தா? நடந்து. யாருடன்? மகனுடன். விடைகளைச் சொல்லிக் கொண்டே வந்தவன் தானாகவே சிரித்துவிட்டான். பதினைந்து கிலோ இயந்திரத்தையும் மகனின் கையையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு பனியில் நடக்க முடியாதல்லவா! வீட்டுப் பழுது பார்க்க வாங்கிய, பக்கவாட்டுக் கைப்பிடியுடன் கூடிய நல்ல டிரில்லிங் மெஷின் அவனிடம் ஏற்கனவே இருந்தது. அதில் மாட்டும் 6 அங்குல ஆகரும் தட்டும் போதும் என்று முடிவாயிற்று. போகும் நாட்கள் பெருகினால் பின்னொரு காலம் 8 அங்குல மின்கல ஆகர் வாங்கிக் கொள்ளலாம்.

என் மனத்தில் உறுத்திக் கொண்டிருந்தது வேறொன்று. கையால் சுழற்றும்போது எத்தனை அங்குலம் என்பதைத் தோள் சொல்லிவிடுகிறது. பனி மெல்லியதாக இருந்தால் சட்டென்று தண்ணீர் வந்து எச்சரிக்கிறது. இயந்திரத்துக்கு 4 அங்குலமும் 18 அங்குலமும் சில விநாடிகளின் வேறுபாடுதான். அதைப் பிடித்திருக்கும் புதியவர் கவனிக்காமலே அடுத்த துளைக்கு நகர்ந்துவிடுவார். ஆண்டுக்கு ஆண்டு பனியும் ஒன்றுபோல் இருப்பதில்லை. 2023-24 குளிர்காலம் மின்னசோட்டாவில் பதிவானவற்றிலேயே மிக வெப்பமானது. ஏரிகள் தாமதமாக உறைந்து, சீக்கிரமே உருகின. சென்ற ஆண்டு நடந்த இடம் என்பதால் இவ்வாண்டும் நடக்கலாம் என்பதில்லை.

ஆகவே மருமகனுக்கு நான்கு நிபந்தனைகள் வைத்தேன். இரும்புக் கோல் முன்னே, கால் பின்னே. ஒவ்வொரு துளையிலும் கனத்தை அளந்து, மகன் வாயால் உரக்கச் சொல்ல வேண்டும். இருவரும் மிதவைச் சட்டை அணிந்து, தவறி விழுந்தால் பனியில் குத்தி மேலேற உதவும் கூர்முனைப் பிடிகளைக் கழுத்தில் தொங்கவிட வேண்டும். விவரமறிந்த மற்றொரு பெரியவர் துணையின்றிச் சிறுவனை அழைத்துச் செல்லலாகாது. மருமகன் ஒப்புக்கொண்டான். அளப்பதற்கு முனை வளைந்த ஒரு குச்சியில் அங்குலக் கோடுகள் போட்டுப் பேரன் தானே செய்துவிட்டான்.

லாத்தாவுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் விளக்கினேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "தடுக்கச் சொன்னேன், நீ சட்டம் போட்டுட்டு நிக்கிறே" என்றார். தொடர்ந்து, "அஞ்சாவதா என்னோடதையும் சேர்த்துக்க. கரையேறினதும் எனக்குப் பேசணும்" என்றார். அங்கே மாலை 5 மணி என்றால் இங்கே அதிகாலை நாலரை; லாத்தா தஹஜ்ஜுதுக்கு எழுந்திருக்கும் நேரம். இன்றளவும் அவன் ஏரிக்குப் போகும் நாளெல்லாம் அந்நேரத்தில் அழைப்பு வந்துவிடுகிறது. எத்தனை மீன் கிடைத்தது என்று லாத்தா கேட்பதில்லை. பனி எத்தனை அங்குலம் என்று பேரனிடம்தான் கேட்கிறார். அவனும் சரியாகச் சொல்கிறான்.

வாசக அன்பர்களுக்கு ஆகர் தேவைப்படாது. ஆனால் முதன்முதலாக ஓர் இயந்திரம் வாங்கும் நாள் எல்லா வீட்டுக்கும் வருகிறது. கிணற்றுக்கு மோட்டாரானாலும் பிள்ளைக்கு இருசக்கர வாகனமானாலும், எது சக்தி வாய்ந்தது என்று கடைக்காரரிடம் கேட்கும் முன், நமக்கு எவ்வளவு வேண்டும், யார் கையாளப் போகிறார்கள், அது எந்த எச்சரிக்கையை நம்மிடமிருந்து மறைத்துவிடும் என்று வீட்டில் உட்கார்ந்து கேட்டுக் கொள்வது நலம். அந்தப் பேச்சில் பயப்படுகிறவர்களையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.