விடியக்காலை முதல் அடி

காலைல அஞ்சு மணி.
பாயில இருந்து எந்திரிச்சு வைக்கிற மொத அடிதான் ரொம்ப கஷ்டம்.
வலது முழங்கால். நாலு வருசமா இந்த வலி.

நேத்து மக கேட்டா,
"விட்டுரும்மா. உப்பளத்த விட்டா வேற வேலையே இல்லையா?"

சட்டுனு பதில் வரல.

வாலிநோக்கத்துல உப்புதான் எங்களுக்குச் சோறு.
1974ல அரசாங்கம் தமிழ்நாடு உப்பு நிறுவனத்த ஆரம்பிச்சதும் இந்தக் கடற்கரைய நம்பித்தான்.

ஆனா எனக்குச் சோறு மட்டும் இல்ல.
கடல் தண்ணி உள்ள வர்றப்ப அதோட உப்பு அடர்த்தி 3 டிகிரி.
வெயில்ல வத்தி வத்தி 25 டிகிரிய தொடும்போது பாத்தியில உப்பு பூக்கும் பாருங்க...
18 வருசமா பாக்குறேன். இன்னும் சலிக்கல.

வலின்னு சொன்னா வேலைக்கு வேண்டாம்னுருவாங்களோன்னு ரொம்ப நாள் மறைச்சேன்.
அது தப்பு.
மூணு மாசத்துக்கு மேல இருந்தா அது நாள்பட்ட வலி, அதுக்குன்னு வைத்தியம் இருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்க.
இப்ப தினம் கால் பயிற்சி செய்யுறேன்.
ஒரே மாதிரி குனிஞ்சு நிக்காம, வாருற வேலையையும் அள்ளுற வேலையையும் மாத்தி மாத்தி பாக்குறேன்.
வலி போகல. ஆனா நடக்க முடியுது.

உப்பளம் வச்சிருக்கவங்களே,
பாத்தியோரம் ஒரு கொட்டகையும் உக்கார ஒரு பலகையும் போட்டுக் குடுங்க.

அக்கா தங்கச்சிகளா,
வலிய மறைக்காதீங்க.
புடிச்ச வேலைய இன்னும் பல வருசம் பாக்கணும்ல?