தன்னந்தனியே ஒரு பயணம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

பயணம் செய்யாத மனிதர் உலகில் இல்லை. சந்தைக்குப் போவதும் பயணந்தான். சாமி கும்பிடத் தீர்த்தமலைக்குப் போவதும் பயணந்தான். ஆனால் கூட்டத்தோடு போகும்போது வழியைப் பற்றிய கவலை நமக்கு இருப்பதில்லை. முன்னே போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்து விடுகிறோம். தனியே புறப்படுகிறவருக்கே வழி என்பது கண்ணில் படுகிறது. அந்த வாய்ப்பு ஒரு பெண்ணுக்கு எத்தனை வயதில் கிடைக்கிறது என்பதை இம்மலரைப் படிக்கும் சகோதரிகள் தத்தம் மனத்தையே கேட்டுக்கொள்ளலாம். எனக்கு இருபதாவது வயதில் கிடைத்தது.

இந்த ஆசையை என்னுள் விதைத்தவர் காலஞ்சென்ற ஏ. கே. செட்டியார் அவர்கள். கோட்டையூரில் 1911இல் பிறந்த அவர், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலை பயின்றவர். 1937 அக்டோபர் 2ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் செல்லும்போது, காந்தியடிகளைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. அந்த ஒரே எண்ணத்தைத் துணையாகக் கொண்டு ஐரோப்பா உட்படப் பல நாடுகளில் அலைந்து, ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம் செய்து, 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டினார். 1940இல் அந்தப் படம் வெளிவந்தது. அவருடைய ‘உலகம் சுற்றும் தமிழன்’ நூலை நம் கல்லூரி நூலகத்தில் எடுத்துச் சென்று, வீட்டுத் திண்ணையில் அமர்ந்து படித்தேன். படித்து முடித்ததும் ஐரோப்பாவை இரயிலில் தனியாகச் சுற்றி வரவேண்டும் என்ற பேராசை என்னைப் பற்றிக்கொண்டது.

அங்குள்ள இளைஞர்க்கு இது பேராசை அன்று. 1972இல் ‘இன்டர்ரெயில்’ என்றொரு பயணச்சீட்டைத் தொடங்கினார்கள். இருபத்தொரு வயது வரை உள்ளவர்கள், அந்த ஒரே சீட்டைக் கொண்டு இருபத்தொரு நாடுகளில் ஒரு மாதம் சுற்றலாம். இன்று எந்த வயதினரும் அதை வாங்கலாம். வெளிக்கண்டத்தாருக்கு ‘யூரெயில்’ என்ற சீட்டு 1959 முதலே உண்டு. லக்சம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்னும் சிற்றூரில் 1985இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1995இல் நடைமுறைக்கு வந்தபின், பல நாடுகளின் எல்லைகளை இரயில் சாதாரணமாகக் கடந்து போகிறது. இவற்றையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். மல்பெரித் தழையை நறுக்கிக்கொண்டிருந்தவர், “அதெல்லாம் சரிம்மா, மொதல்ல சேலம் வரைக்கும் தனியாப் போய்ட்டு வா” என்று சிரித்தார்.

சேலத்தையும் தாண்டிப் போகும் நாள் விரைவிலேயே வந்தது. புனேயிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனம் நடத்திய பத்து நாள் கோடைப் பயிற்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். துணைக்கு ஒருவரை அனுப்ப வேண்டுமானால் போகவரச் செலவு இரட்டிப்பாகும்; அப்பா வந்தால் பட்டுப்புழுவைப் பார்க்க ஆளில்லை. போனால் தனியாகப் போக வேண்டும். இல்லையேல் போகவே முடியாது.

பெரியப்பா வந்து உட்கார்ந்தார். “வயசுப் புள்ளைய ரெண்டு நாளு ரயில்ல தனியா அனுப்புனா நாலு பேரு என்ன பேசுவாங்க? டிகிரி முடிச்சாப் போதாதா?” என்றார். அவர் என்மீது அன்பில்லாதவர் அல்லர். பன்னிரண்டாம் வகுப்புக்குக் கட்டணம் கட்டியவரே அவர்தான். அதனாலேயே யாரும் பதில் சொல்லவில்லை. கடைசியில் அம்மா வாய் திறந்தார். இரயிலில் ஏறியே அறியாதவர் என் அம்மா.

“பரீட்சைய அவ தனியாத்தானே எழுதுறா மாமா? அப்ப யாரும் தொணைக்குப் போகலையே.”

அதற்குமேல் அந்த வீட்டில் விவாதம் நடக்கவில்லை. தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் கூடு விற்று வந்த பணத்திலிருந்து மறுநாளே முன்பதிவு ஆயிற்று.

எங்கள் கம்பைநல்லூருக்கு அருகில் இருப்பது மொரப்பூர் நிலையம். அந்த மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் ஒரு சின்ன இரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளங்களுக்கு இடையே 762 மில்லிமீட்டரே இடைவெளி. 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1941இல் அதை மூடிவிட்டார்கள். மீண்டும் மொரப்பூர் - தருமபுரி பாதை அமைக்க 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். ஐரோப்பாவில் நடந்த ஒரு போர், எங்கள் ஊர்ப்பக்கத்து இரயிலை நிறுத்திவிட்டதே என்று எண்ணியபடி, பஸ்ஸில் தருமபுரி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வண்டி வந்தது. அப்பா 139 என்ற உதவி எண்ணை ஒரு தாளில் எழுதி என் பைக்குள் வைத்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. புளிச்சோற்றுப் பொட்டலத்தை மட்டும் இருமுறை தொட்டுப் பார்த்தார். வண்டி நகர்ந்ததும், என் வாழ்நாளில் முதன்முறையாக, என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத இடத்தில் நான் இருந்தேன். அச்சம் இருந்தது. அச்சத்தோடு சேர்ந்து, சொல்லத் தெரியாத ஒரு மகிழ்ச்சியும் இருந்தது.

ஓசூர் தாண்டியதும் பெயர்ப்பலகைகளில் கன்னடம் வந்தது. பெங்களூரைக் கடந்து தர்மாவரம், குண்டக்கல் வருகையில் தெலுங்கு. பிறகு ராய்ச்சூரிலும் கலபுரகியிலும் மீண்டும் கன்னடம். சோலாப்பூரில் மராத்தி. நான்கு மொழிகள், ஒரே பயணச்சீட்டு. ஸ்பெயினின் பழைய பாதையின் அகலம் 1,668 மில்லிமீட்டர். பக்கத்து நாடான பிரான்சில் 1,435. ஆகவே எல்லையில் வண்டி மாறுவதோ, சக்கரங்களின் இடைவெளியை மாற்றுவதோ அங்கே நெடுங்காலமாக உள்ள வழக்கம். நம் அகலப்பாதையோ 1,676 மில்லிமீட்டர். மொழி மாறினாலும் தண்டவாளம் மாறவில்லை. ஐரோப்பாவில் தேடிய அதிசயத்தில் பாதி, என் சன்னலோரத்திலேயே கிடைத்துவிட்டது.

இரவில் ஒரு சம்பவம். முன்பதிவு இல்லாத ஓர் ஆள் வந்து என் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தான். எழுந்திருக்கச் சொன்னேன், தமிழ் புரியாதவன்போல் சிரித்தான். என் நெஞ்சு படபடத்தது. ஆயினும் எழுந்து நின்று, கையிலிருந்த சீட்டைக் காட்டி, என் வகுப்பறை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னேன். எதிர்ப் படுக்கையில் இருந்த சோலாப்பூர்ப் பாட்டி விழித்துக்கொண்டு மராத்தியில் ஏதோ அதட்டினார். அவன் எழுந்து போய்விட்டான். பாட்டி பேசியதில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. பொருள் முழுவதும் விளங்கிற்று. விடிந்ததும் தம் சோள ரொட்டியில் பாதியைக் கொடுத்தார். என் புளிச்சோற்றை வாங்கி உண்டு, புளிப்பில் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

பத்து நாட்கள் புனேயில் படித்ததை வகுப்பில் ஏற்கனவே சொல்லியிருக்கிறேன். நாராயண்காவ் அருகே வானத்தின் வானொலி அலைகளைக் கேட்டுக்கொண்டு நிற்கும், 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களைப் பற்றி இன்னொரு கட்டுரையே எழுதலாம். இங்கே சொல்ல விரும்புவது வேறு.

நான் ஊர் திரும்பிய மறுவாரம் பெரியப்பா தம் மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். காப்பியைக் குடித்து முடிக்கும்வரை ஊர்ப்பேச்சுப் பேசினார். பிறகு, “அந்தப் பயிற்சிக்கு எப்ப விண்ணப்பம் போடணும், இவளுக்கும் சொல்லி வை” என்றார். கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் போடலாம் என்றேன். “சரி, அதுக்குள்ள ரயில்ல போகக் கத்துக்கட்டும்” என்றார்.

தோழியரே, ஐரோப்பா இன்னும் எனக்குத் தொலைவில்தான் இருக்கிறது. ஆனால் அதற்குப் போகும் வழி நம் தருமபுரி நிலையத்திலேயே தொடங்குகிறது என்பதை நான் அறிந்துகொண்டேன். இந்த ஆண்டுக்கான பயிற்சி அறிவிப்புகள் நம் துறையின் பலகையில் ஒட்டப்பட்டுள்ளன. படித்துப் பாருங்கள். வீட்டில் கேளுங்கள். முதலில் மறுப்பார்கள், மீண்டும் கேளுங்கள்.